முதல் வருடக் கொலுவா? மூன்று படி போதும்

மகாளய அமாவாசைக்குப் பத்து நாள் இருக்கும்போதே போன் வர ஆரம்பித்துவிடும். "அக்கா, இந்த வருஷம் கொலு வைக்கலாம்னு இருக்கேன். எத்தனை படி வைக்கணும்?" கேட்பவர் புதிதாகக் கல்யாணமான பெண்ணாக இருப்பார். சொந்த வீட்டுக்குக் குடிபோனவராக இருப்பார். இல்லையென்றால் பரணை ஒழிக்கப்போய் மாமியாரின் பொம்மைப் பெட்டியைக் கண்டெடுத்த மருமகளாக இருப்பார். எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: மூன்று படி.

படி கட்டுவதும் பொம்மை அடுக்குவதும் ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகு ஒன்பது மாலை இருக்கிறது. தினம் விளக்கு, தினம் சுண்டல், தினம் வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம். அந்த ஒன்பது மாலைதான் கொலு. ஆசைப்பட்டு ஒன்பது படி கட்டிவிட்டு, நாலாம் நாளே ஆபீஸிலிருந்து வந்து சோபாவில் சாய்ந்துகொண்டு "இன்னிக்கு யாரும் வராம இருந்தா தேவலை" என்று நினைத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருத்தி.

வழக்கம் இல்லாத வீட்டில் வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். "ஆரம்பிச்சா விடக்கூடாதே, ஒரு வருஷம் விட்டா தோஷமாச்சே" என்று பயமுறுத்துபவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். ஒரு வருடம் பிரசவம், ஒரு வருடம் வெளியூர் மாற்றல் என்று வரத்தான் செய்யும். அப்படிப்பட்ட வருடத்தில் ஒரு பலகையில் கலசமோ, ஒரு ஜோடி மரப்பாச்சியோ வைத்து விளக்கேற்றினால் அந்த வருடக் கொலு முடிந்தது. பல பழைய வீடுகளிலேயே இப்படித்தான் செய்கிறார்கள். வீட்டில் துக்கம் நடந்த வருடம் மட்டும் உங்கள் குடும்பத்துப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது வீட்டுக்கு வீடு மாறும், வெளியாள் சொல்வது எடுபடாது.

எப்போது தொடங்குவது?

நவராத்திரி என்றால் மகாளய அமாவாசைக்கு மறுநாள் பிரதமையிலிருந்து நவமி வரை, பத்தாம் நாள் விஜயதசமி. பெரும்பாலும் புரட்டாசியில் வரும்; சில வருடம் கடைசி நாட்கள் ஐப்பசியில் போய் விழும். ஒன்பது ராத்திரி என்று பெயர் இருந்தாலும் திதி நீண்டால் ஒரு நாள் கூடும். 2025-இல் அப்படித்தான் ஆயிற்று. செப்டம்பர் 21 அமாவாசை, அக்டோபர் 1 சரஸ்வதி பூஜை, அக்டோபர் 2 விஜயதசமி. விரல் விட்டு எண்ணினால் பத்து சுண்டல். அதனால் தினசரிக் காலண்டரையோ பஞ்சாங்கத்தையோ பார்த்து உங்கள் நாட்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு பட்டாணி வாங்கப் போகலாம்.

அமாவாசை அன்று படி கட்டி, துணி விரித்து, சாயந்திரம் நல்ல நேரத்தில் ஒரு பொம்மையை மட்டும் மேல் படியில் வைத்துவிடுவது வழக்கம். மற்றதெல்லாம் மறுநாள் காலைக்குள் வைத்தால் போதும். அமாவாசையன்று தர்ப்பணம், சமையல் என்று வீட்டில் வேலை குவிந்திருக்கும். பரணிலிருந்து பெட்டி இறக்குவது, பொம்மை துடைப்பது எல்லாவற்றையும் அதற்கு முந்தின சனி ஞாயிறிலேயே முடித்துவிடுங்கள்.

ஒன்பது நாளும் யாரைக் கும்பிடுகிறோம்?

மகிஷாசுரன் ஆண் எவனாலும் தனக்குச் சாவு கூடாது என்று வரம் வாங்கியவன். பெண்ணை அவன் கணக்கிலேயே எடுக்கவில்லை. தேவர்களின் சக்தியெல்லாம் ஒன்று திரண்டு தேவியாக வந்து, ஒன்பது நாள் போர் செய்து பத்தாம் நாள் வதம் செய்தாள் என்பது கதை. வீட்டுக் கொலுவில் இதை மூன்று மூன்றாகப் பிரித்துக்கொள்கிறோம். முதல் மூன்று நாள் துர்க்கை, நடு மூன்று நாள் லட்சுமி, கடைசி மூன்று நாள் சரஸ்வதி. வீரம், செல்வம், கல்வி என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் இது எளிது.

இதற்கு மேல் நாளுக்கு ஒரு வடிவம் என்றும் கணக்கு இருக்கிறது. இங்கேதான் புதியவர்கள் குழம்பிப்போகிறார்கள். வடநாட்டில் நவதுர்க்கை: சைலபுத்ரி, பிரம்மசாரிணி, சந்திரகண்டா, கூஷ்மாண்டா, ஸ்கந்தமாதா, காத்யாயனி, காலராத்ரி, மகாகௌரி, சித்திதாத்ரி. நம் ஊர்ப் பத்திரிகைகளிலும் கோயில் நோட்டீஸ்களிலும் அதிகம் பார்ப்பது மகேஸ்வரி, கௌமாரி, வாராகி, மகாலட்சுமி, வைஷ்ணவி, இந்திராணி, சரஸ்வதி, நரசிம்மி, சாமுண்டி என்ற வரிசை. இதில் பாதிப் பேரை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். சிவன் கோயில் பிராகாரத்தின் தென்பக்கம் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்களே சப்தமாதர்கள், அவர்கள்தான். இரண்டு பட்டியலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. ஒத்துப்போக வேண்டிய அவசியமும் இல்லை. ஒன்றை எடுத்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள்.

தினம் ஓர் அலங்காரம் செய்ய மதுரை மீனாட்சிக்கு அர்ச்சகர்கள் இருக்கிறார்கள், நமக்கு இல்லை. வீட்டில் அதே கலசம்தான், அன்றைய அம்மனின் பெயரைச் சொல்லிப் பூப் போட்டால் போதும். நான் பூவை மட்டும் மாற்றுவேன். முதல் மூன்று நாள் சிவப்பு, செம்பருத்தியோ செவ்வரளியோ. நடுவில் தாமரை கிடைத்தால் தாமரை. கடைசியில் மல்லிகை, நந்தியாவட்டை. அரளி வைத்தால் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கவனம் தேவை. அது விஷச்செடி, உதிர்ந்த பூ குழந்தையின் வாய்க்குப் போய்விடக் கூடாது.

படி கட்டுதல்

படிகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும்: 3, 5, 7, 9. மடக்கி வைக்கும் இரும்புப் படி கடையில் கிடைக்கிறது. முதல் வருடமே வாங்காதீர்கள். வீட்டில் ஸ்டூல், பெஞ்ச், டிரங்குப் பெட்டி, தடித்த புத்தகக் கட்டு எல்லாம் இருக்கிறதே. கீழ்ப்படி உயரத்தைப் போல இரண்டு மடங்கு நடுப்படி, மூன்று மடங்கு மேல்படி என்று அமைந்தால் பார்க்க லட்சணமாக இருக்கும். ஒரு படிக்கு ஒரு சாண் உயரம், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான அகலம் இருந்தால் பொம்மைகள் ஒன்றை ஒன்று மறைக்காது.

அட்டைப்பெட்டியை மட்டும் நம்பாதீர்கள். என் இரண்டாம் வருடக் கொலுவில் மிக்ஸி வந்த பெட்டியை நடுப்படிக்குக் கொடுத்தேன். மூன்றாம் நாள் ராத்திரி அது மெதுவாக உள்வாங்கியிருக்கிறது. காலையில் பார்த்தால் தசாவதாரத்தில் கூர்மம் உருண்டுபோய் வாமனரின் குடையை உடைத்திருந்தது. இன்றுவரை எங்கள் வாமனர் பிடித்திருப்பது பல்குத்தும் குச்சியில் காகிதம் ஒட்டிய குடைதான். வருகிற குழந்தைகளுக்கு அந்தக் குடையைத்தான் ரொம்பப் பிடிக்கிறது என்பது வேறு விஷயம்.

மேலே விரிக்கச் சலவை செய்த வெள்ளை வேட்டி சிறந்தது. எந்தப் பொம்மையின் நிறமும் அதில் எடுப்பாகத் தெரியும். ஒவ்வொரு படியின் உள்மூலையிலும் துணியை நன்றாக அழுத்தி, குண்டூசியோ ஊக்கோ குத்துங்கள். இல்லையென்றால் தவழும் குழந்தை ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் பார்வதி கல்யாணமே கீழே வந்துவிடும். கொலு கிழக்கு பார்த்து இருந்தால் நல்லது, மேற்கும் பரவாயில்லை. பிளாட்டில் இடம் அமையும் பக்கம்தான் திசை.

சீரியல் லைட் போடுவதானால் ஒயரைப் படியின் பின்பக்கமாகக் கொண்டுபோங்கள். குத்துவிளக்கைப் படியிலிருந்து இரண்டடி தள்ளி, தரையில், தாம்பாளத்தின் மேல் வையுங்கள். துணிக்குப் பக்கத்தில் எரியும் விளக்கை விட்டுவிட்டு யாரும் வெளியே போகக் கூடாது. இதில் மட்டும் சமாதானமே கிடையாது. அந்த நேரத்துக்கு மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள்.

பொம்மை வாங்குவது

முதலில் வாங்க வேண்டியது மரப்பாச்சி ஜோடி. செம்மரத்தில் செய்த ஆணும் பெண்ணும். கல்யாணத்தின்போது பிறந்த வீட்டிலிருந்து கொடுத்தனுப்பும் வழக்கம் இருப்பதால், அம்மாவிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பீரோவின் அடித்தட்டில் தூங்கிக்கொண்டிருந்தாலும் இருக்கும். அதற்கு வேட்டி, புடவை கட்டி, சின்னதாக ஒரு மணிமாலை போட்டு மேல் படியில் வைப்பார்கள். புதுத்துணி வெட்ட வேண்டாம். ரவிக்கை தைத்து மிஞ்சிய பட்டுத் துண்டு, கிழிந்த சரிகைக் கரை போதும். உடுத்திவிடும் வேலையை வீட்டுக் குழந்தையிடம் கொடுங்கள். கோணல்மாணலாகத்தான் கட்டும், அப்படியே இருக்கட்டும்.

அடுத்தது ஒரு அம்மன், ஒரு பிள்ளையார், கீழ்ப்படிக்கு ஒரு செட்டியார் ஜோடி. தொப்பையும் சிரிப்புமாகக் கடை பரப்பி உட்கார்ந்திருக்கும் செட்டியாரும் ஆச்சியும் இல்லாத கொலுவை நான் பார்த்ததில்லை. அவர்கள் முன்னால் குட்டிக் கிண்ணங்களில் நிஜ அரிசி, பருப்பு, மிளகு வைப்போம். அவ்வளவுதான் முதல் வருடத்துக்கு. மற்றது வருடத்துக்கு ஒன்றிரண்டாகச் சேரும். ஒவ்வொரு வருடமும் ஒரு புதுப் பொம்மையாவது வாங்க வேண்டும் என்பது வழக்கம். அஷ்டலட்சுமி, தசாவதாரம் என்று செட்டுகளை ஒரே வருடத்தில் வாங்கித் தீர்த்துவிட்டால் அந்தச் சந்தோஷம் போய்விடுகிறது.

மண் பொம்மைக்குப் பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரி எல்லாம் பேர்போன இடங்கள். சென்னைக்காரர்களுக்கு மயிலாப்பூர் மாட வீதி இருக்கிறது. அரசின் பூம்புகார் நிலையங்களிலும் நவராத்திரியை ஒட்டிக் கொலுப் பொம்மைக் கண்காட்சி நடக்கும். எங்கே வாங்கினாலும் பொம்மையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலானவை முன்பாதி, பின்பாதி என்று இரண்டு அச்சில் எடுத்து ஒட்டியவை. பக்கவாட்டில் அந்த ஒட்டு ஓடும். அதில் கீறல் இருந்தால் வேண்டாம். விரல் முட்டியால் மெதுவாகத் தட்டுங்கள். நன்றாகச் சுட்ட மண் "டிங்" என்று கணீரென்று பதில் சொல்லும். விரிசல் விட்டது "தொப்" என்று செத்த சத்தம் போடும். பிறகு முகத்தைப் பாருங்கள், முக்கியமாகக் கண்ணை. ஒரே அச்சில் வந்த பத்துச் சரஸ்வதிகளுக்கும் கண் எழுதிய கை ஒன்றாகவே இருந்தாலும் பார்வை வேறு வேறாக இருக்கும். ஒன்று கோபமாகப் பார்க்கும், ஒன்று தூக்கக் கலக்கத்தில் இருக்கும், ஒன்று உங்களையே பார்க்கும். அந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காகிதக்கூழ்ப் பொம்மை எடை குறைவு, சுலபத்தில் உடையாது. மாடியேறிப் பரணில் போட வேண்டியவர்களுக்கு அதுதான் வசதி. ஆனால் ஈரம் பட்டால் ஊறிப்போகும்.

எந்தப் படியில் எது?

கணக்குப்படி ஒன்பது படிக் கொலு என்பது உயிர்களின் வரிசை. தொல்காப்பிய மரபியல் சொல்லும் ஓரறிவு முதல் ஆறறிவு வரையான அதே ஏணி: அடியில் புல், மரம், அதற்கு மேல் சங்கு, நத்தை, அப்புறம் கறையானும் எறும்பும், நண்டும் தும்பியும், விலங்குகளும் பறவைகளும், ஆறாம் படியில் மனிதர்கள். அதற்கு மேல் மகான்கள், தேவர்கள், உச்சியில் அம்மனும் மும்மூர்த்திகளும். மூன்று படிக்காரர்கள் இதைச் சுருக்கிக்கொள்ளலாம்: மேலே கலசமும் தெய்வங்களும், நடுவில் மகான்களும் மனிதர்களும், அடியில் செட்டியார், விலங்கு, பறவை, காய்கறி. உயரமான பொம்மை பின்னால், குட்டி பொம்மை முன்னால். ராமர் பட்டாபிஷேகம் மாதிரி செட்டாக இருப்பவற்றைப் பிரித்து வைக்காதீர்கள்.

படிக்குப் பக்கத்தில் தரையில் ஒரு பார்க் அமைப்பது குழந்தைகளின் ராஜ்ஜியம். அமாவாசைக்கு நாலைந்து நாள் முன்பே ஒரு தட்டில் மண் பரப்பி, கடுகும் வெந்தயமும் தூவி, தினம் தண்ணீர் தெளித்தால் கொலுவன்று பச்சைப் பசேலென்று புல்வெளி தயார். நடுவில் ஒரு முகக்கண்ணாடியைப் படுக்க வைத்து, விளிம்பு தெரியாமல் மணலால் மூடினால் குளம். அதன்மேல் பிளாஸ்டிக் வாத்தை வைத்தால் தண்ணீருக்குள் தலைகீழாக இன்னொரு வாத்து. கிரிக்கெட் மைதானம், மெட்ரோ ரயில் என்று எதை வைத்தாலும் தடுக்காதீர்கள். மேலே இருப்பவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

கலசம் வைத்தல்

கலசம் எல்லா வீட்டிலும் இருக்காது. வைக்கலாம் என்று நினைத்தால் ஒரு செம்புச் சொம்போ வெள்ளிச் சொம்போ எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிரப்புவதானால் ஏலக்காய், கிராம்பு, துளி பச்சைக் கற்பூரம், மஞ்சள்பொடி, ஒரு நாணயம் போடுவார்கள். ஒன்பது நாள் நின்ற தண்ணீர் புழுக்கமான வருடத்தில் வாடை அடிக்கும், மேலே இருக்கும் மாவிலையும் அழுகும். முதல் தடவைக்காரர்கள் பச்சரிசி நிரப்பிவிடுங்கள். வாயில் ஐந்து மாவிலை, அதன்மேல் மஞ்சள் பூசிய குடுமித் தேங்காய், குங்குமப் பொட்டு, ஒரு முழம் பூ. தட்டில் அரிசி பரப்பி அதன்மேல் கலசம். அம்மா, வந்து இரு என்று மனசாரக் கூப்பிட்டால் ஆவாஹனம் ஆயிற்று. மந்திரம் தெரிந்தவர்கள் சொல்லலாம், தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம்.

தினசரி வேலை

காலையில் குளித்து விளக்கேற்றி, பழைய பூவை எடுத்துவிட்டுப் புதுப்பூ வைத்து, சமைத்ததில் கொஞ்சமோ ஒரு பழமோ நைவேத்தியம். பத்து நிமிடம் போதும். சாயந்திரம்தான் பெரிய பூஜை. வாசலிலும் படிக்கு முன்னாலும் கோலம் போடுங்கள். பச்சரிசி மாவில் போட்டால் எறும்புக்கும் ஆயிற்று. ஆனால் படிக்கு முன்னால் போட்ட அரிசி மாவைத் தொடர்ந்து அந்த எறும்பு செட்டியார் கடை வெல்லத்துக்கு ஏறிவிடும் என்பதால், உள்ளே மட்டும் நான் சுண்ணாம்புக்கல் கோலமாவுதான் போடுகிறேன்.

பாட்டு வேண்டும். குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. தினம் என்ன சொல்வது என்று திகைப்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். அபிராமி அந்தாதி நூறு பாட்டு. நாளுக்குப் பதினொன்று வீதம் சொல்லி, கடைசி நாள் மட்டும் பன்னிரண்டு சொன்னால் ஒன்பது நாளில் சரியாக முடியும். அந்தாதி என்பதால் நேற்று விட்ட சொல்லில் இன்று தொடங்கலாம், மறக்காது. சரஸ்வதியின் மூன்று நாளில் குமரகுருபரரின் சகலகலாவல்லி மாலை இருக்கிறது, பத்தே பாட்டு.

முடிவில் ஆரத்தி. தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு மஞ்சள்பொடி கரையுங்கள். வெளிர் மஞ்சளாக இருக்கும். சுண்டுவிரல் நுனியில் துளி சுண்ணாம்பு எடுத்து அதில் கலக்குங்கள். விரல் போன வழியெல்லாம் சிவப்புக் கோடு இழுத்துக்கொண்டு, இரண்டு சுற்றில் தட்டு முழுக்க ரத்தச் சிவப்பாகிவிடும். எத்தனை வருடம் செய்தாலும் எனக்கு அந்த நொடி அலுக்கவில்லை. சுற்றி முடித்து வாசல் கோலத்தில் ஓர் ஓரமாக ஊற்றிவிடுங்கள்.

சுண்டல்

புதியவர்கள் தோற்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கால் கிலோ கொண்டைக்கடலை ஊறி வெந்தால் அரை கிலோவுக்கு மேல் வரும். பத்துப் பேருக்குச் சின்னக் கிண்ணத்தில் கொடுக்கலாம். ஒன்பது நாளைக்கும் என்ன சுண்டல் என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். ஆறு மணிக்கு ஆட்கள் வரும்போது கடலை ஊறவில்லையே என்று தலையில் கை வைத்துக்கொள்ளாமல் இருக்க அதுதான் வழி.

கொண்டைக்கடலை, பட்டாணி, மொச்சை மூன்றும் முந்தின ராத்திரியே ஊற வேண்டும். காராமணிக்கும் பச்சைப்பயறுக்கும் காலையில் போட்டால் போதும். வேலைக்குப் போகிறவர்கள் திங்கள் முதல் வெள்ளி வரை பயறு, காராமணி, கடலைப்பருப்பு என்று சுலபமானவற்றை வைத்துக்கொண்டு, மொச்சையைச் சனிக்கிழமைக்குத் தள்ளுங்கள். ஊறிய வெள்ளைக் கொண்டைக்கடலைக்குக் குக்கரில் நாலைந்து விசில், கறுப்புக்கு இன்னும் ஒன்று. பச்சைப்பயறைக் குக்கரில் மறந்துவிட்டால் கூழாகிவிடும், ஒரு விசிலோடு நிறுத்துங்கள், இல்லை பாத்திரத்திலேயே வேகவையுங்கள். வெந்ததை வடிகட்டி ஈரம் போக ஐந்து நிமிடம் வைத்துவிட்டுத் தாளிக்க வேண்டும். எண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை, கடைசியில் தேங்காய்த்துருவல். பட்டாணிக்கு மாங்காய்த் துண்டும் இஞ்சியும் சேரும். வெங்காயம், பூண்டு கிடையாது. ருசி பார்க்காமல்தான் நைவேத்தியம் என்பதால் உப்பைக் கை அளவாகப் பழகிக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு நாள் கொஞ்சம் குறைத்தே போடுங்கள், அம்மன் பொறுத்துக்கொள்வாள், விருந்தாளியும் பொறுத்துக்கொள்வார்.

தேங்காய் போட்ட சுண்டல் ராத்திரிக்குள் ஊசிப்போகும். மிஞ்சும் என்று தோன்றினால் பாதியைத் தேங்காய் போடாமல் எடுத்து வையுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் பல வீடுகளில் வெல்லப்புட்டு. பாகு பதம் பழகாதவர்கள் முதல் வருடம் சர்க்கரைப் பொங்கலோடு தப்பித்துக்கொள்ளலாம்.

வெற்றிலை பாக்கு

அழைக்காமல் யாரும் கொலுவுக்கு வரமாட்டார்கள். பக்கத்து வீடு, எதிர் வீடு, மாடிவீடு என்று நேரில் போய்க் குங்குமச் சிமிழை நீட்டி "எங்க வீட்ல கொலு வெச்சிருக்கோம், சாயங்காலம் வெத்தலை பாக்கு வாங்கிக்க வாங்க" என்று சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் படம் போட்டு எல்லோரையும் ஒரே வரியில் கூப்பிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. தூரத்தில் இருப்பவர்களுக்குச் சரி, எதிர் வீட்டுக்கு வேண்டாமே. எல்லோரையும் ஒரே நாளில் கூப்பிடாமல் நாளுக்கு நாலைந்து வீடு என்று பிரித்துக்கொண்டால் உட்கார இடமும் இருக்கும், பேச நேரமும் இருக்கும்.

தாம்பூலத்தில் இரண்டு வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பூ, ஒரு பழம் அல்லது தேங்காய். முடிந்தால் ரவிக்கைத் துணி. முடியாவிட்டால் கண்ணாடி வளையலோ சீப்போ சின்னக் கிண்ணமோ. ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுக்கு வீடு சுற்றிவரும் ரவிக்கைத் துண்டுகளை யாரும் தைப்பதில்லை. உபயோகமாக ஒரு பொருள் கொடுங்கள், சின்னதாக இருந்தாலும். சிறுமிகள் வந்தால் அவர்களுக்கும் நலங்கிட்டு, பெரியவர்களுக்குக் கொடுப்பது போலவே தட்டில் வைத்துக் கொடுங்கள். அவர்கள் அதை மறக்கவே மாட்டார்கள்.

சுமங்கலிகளுக்கு மட்டும்தான் தாம்பூலம் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. கணவரை இழந்த பிறகு என் அத்தை ஒரு நவராத்திரிக்கு வந்தார். படிக்கட்டிலேயே நின்று, சுண்டல் டப்பாவை மட்டும் வாங்கிக்கொண்டு, எட்டிக் கொலுவைப் பார்த்துவிட்டுப் போனார். மரப்பாச்சிக்குப் புடவை கட்ட எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். அடுத்த வருடத்திலிருந்து எங்கள் வீட்டில் வருகிற எல்லாப் பெண்களுக்கும் ஒரே தட்டு, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கும் சேர்த்து. அம்மா என்று கூப்பிட்டு உட்கார வைத்தவளின் முன்னால் இன்னொரு அம்மாவை வாசலில் நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை.

பூஜையெல்லாம் வீட்டில் முடியாது என்பவர்கள் கோயிலுக்குப் போகலாம். மதுரை மீனாட்சி கோயிலில் கொலுவும் உண்டு, நாளுக்கொரு அலங்காரமும் உண்டு. திருச்செந்தூர்ப் பக்கம் குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் தசராவில் வழிபாடே வேறு மாதிரி: விரதமிருந்து மாலை போட்டவர்கள் காளி, குறவன், ராஜா என்று வேஷம் கட்டி ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி உண்டியலில் சேர்ப்பார்கள், விஜயதசமி ராத்திரி கடற்கரையில் சூரசம்ஹாரம். அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரஸ்வதி பூஜை, விஜயதசமி

மூல நட்சத்திரத்தில் சரஸ்வதியை ஆவாஹனம் செய்து திருவோணத்தில் முடிப்பது சாஸ்திரக் கணக்கு. வீட்டில் பெரும்பாலும் நவமியன்றே புத்தகம் அடுக்கிவிடுவோம். பலகையில் குழந்தைகளின் பாடப்புத்தகம், சுருதிப்பெட்டி, வீணை, கணக்கு நோட்டு அடுக்கி, வெள்ளைத் துணி போர்த்திச் சந்தனம் குங்குமம். அன்று படிக்கக் கூடாது. இந்த ஒரு விதியைக் குழந்தைகள் அணு அளவும் மீறமாட்டார்கள். நாளைக்குப் பரீட்சை இருப்பவர்கள் அந்தப் புத்தகத்தை மட்டும் அடுக்காமல் விட்டுவிடலாம், சரஸ்வதி புரிந்துகொள்வாள். அதே நாள் ஆயுத பூஜை: அரிவாள்மனை, கத்தரிக்கோல், தையல் மிஷின், வண்டி எல்லாம் துடைத்துப் பொட்டு வைத்து, பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், அவல் படைப்போம். திருஷ்டிப் பூசணிக்காயை நடுரோட்டில் உடைக்காதீர்கள். உடைத்தால் துண்டுகளை உடனே ஓரம் தள்ளுங்கள். ஈரப் பூசணியில் பைக் வழுக்கினால் எழுந்திருக்க முடியாது.

விஜயதசமி காலையில் மறுபூஜை செய்து, அடுக்கியதிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து ஒரு பக்கமாவது படிக்க வேண்டும். புதிதாக எதையும் கற்கத் தொடங்க நல்ல நாள். எழுத்தறிவிக்கும் வயதுக் குழந்தை இருந்தால் தட்டில் அரிசி பரப்பி விரல் பிடித்து அ எழுதலாம். திருவாரூர் மாவட்டத்துக் கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் அன்று இதற்காகவே கூட்டம் நிரம்பி வழியும்.

எடுத்து வைப்பது

விஜயதசமி ராத்திரி ஆரத்தி எடுத்தபின் ஒரு பொம்மையை, வழக்கமாக மரப்பாச்சியை, படியிலேயே படுக்க வையுங்கள். கொலு முடிந்தது என்று அதற்கு அர்த்தம். மறுநாள் கலசத்தை வடக்கே கொஞ்சம் நகர்த்திவிட்டு எடுக்கலாம். அரிசி பாயசத்துக்கு, தேங்காய் பர்பிக்கு. தண்ணீர் வைத்திருந்தால் வீடெல்லாம் தெளித்து மீதியைச் செடிக்கு. மறுநாள் வெள்ளியாகவோ செவ்வாயாகவோ இருந்தால் இன்னொரு நாள் பொறுத்துக்கொள்ளும் வீடுகள் உண்டு.

பொம்மையைத் தொடும் முன் கொலுவைப் படிப்படியாக போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் எது எங்கே இருந்தது என்று மாமியாரோடு வாதாட வேண்டாம். மண் பொம்மையை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, சாயம் கையோடு வரும். பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். ஒவ்வொன்றையும் பழைய பருத்தித் துணியில் சுற்றி, அதற்கு மேல் செய்தித்தாள். நீட்டிக்கொண்டிருக்கும் கை, வேல், வீணைக் கழுத்து இருக்கும் இடத்தில் துணியை இரண்டாக மடித்துச் சுற்றுங்கள். முதலில் உடைவது அதுதான். கனமானது பெட்டியின் அடியில், இடுக்கில் கசக்கிய காகிதம், மூலையில் இரண்டு அந்துருண்டை. செட்டுப் பொம்மைகளை ஒரே பெட்டியில் போட்டு, மேலே மார்க்கரில் பெயரும் எண்ணிக்கையும் எழுதுங்கள்: தசாவதாரம் 10, குடை தனி டப்பாவில்.

மரப்பாச்சி இருக்கும் பெட்டியைப் பரணில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். அடுத்த அமாவாசைக்கு முதலில் இறங்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.